ஸ்டார் ட்ரெக்கில் எந்தப் படம் ஒசத்தி? உறவு கெடாமல் வாதாடச் சில வழிகள்

என் அண்ணனுக்கும் எனக்கும் சொத்துத் தகராறு எதுவும் இல்லை. ஸ்டார் ட்ரெக் தகராறு மட்டும்தான். என்டர்பிரைஸ் என்ற விண்வெளிக் கப்பலில் சுற்றும் கேப்டன் கிர்க், அவருக்குத் துணையாக வேற்றுக்கிரகத்து ஸ்பாக் என்று அமெரிக்க டிவித் தொடராக ஆரம்பித்து, சினிமா வரிசையாக வளர்ந்ததே அது. அவனுக்கு 1982-ல் வந்த இரண்டாவது படம், ‘தி ராத் ஆஃப் கான்’. எனக்கு 1979-ல் வந்த முதல் படம், ‘தி மோஷன் பிக்சர்’. ட்ரெக் ரசிகர் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். அண்ணன் சொன்னதற்குத் தலையாட்டுவார்கள். நான் சொன்னதற்கு, ‘உடம்புக்கு ஏதும் சரியில்லையா?’ என்பதுபோலப் பார்ப்பார்கள்.

“அஞ்சு நிமிஷம் கப்பலையே சுத்திச் சுத்திக் காட்டுவாங்களே, அந்தப் படம்தானே?” இதுதான் அண்ணனின் ஒரே வாதம். இருபது வருஷமாக இதையே சொல்கிறான். ஆரம்பத்தில் நான் கத்துவேன். நடுவில் சில வருஷம் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவேன். இப்போது இருவருமே இந்தச் சண்டைக்காகக் காத்திருந்து உட்காருகிறோம். நண்பர்கள் ஏழெட்டுப் பேரும் சேர்ந்துகொள்கிறார்கள். கத்தலிலிருந்து இங்கே வந்து சேர்ந்த வழியைத்தான் எழுதப்போகிறேன். நீளமாக ஓடும் எந்தப் படவரிசைக்கும் இது பொருந்தும். எனக்கு நன்றாகத் தெரிந்தது ட்ரெக் என்பதால் உதாரணமெல்லாம் அதிலிருந்தே வரும்.

ஒரு எச்சரிக்கை. பல படங்களின் முடிவைப் போட்டு உடைக்கப்போகிறேன். நீங்களும் கூட்டத்தில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, யார் எதைப் பார்க்கவில்லை என்று கேட்டுவிடுங்கள். ஒருமுறை நாங்கள் கேட்காமல் ஆரம்பித்துவிட்டோம். “ஸ்பாக் செத்தப்புறம்…” என்று ஒருவர் வாயைத் திறந்தார். புதிதாக வந்திருந்த ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். அந்த வாரம்தான் இரண்டாவது படத்தைப் பார்க்க வைத்திருந்தாராம். பொத்துவதற்குள் காதில் விழுந்துவிட்டது.

கேள்வி எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

‘எது பெஸ்ட்?’ என்ற ஒரு கேள்விக்குள் நாலு கேள்வி ஒளிந்திருக்கிறது. எது நன்றாக எடுக்கப்பட்ட படம்? எதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்? ட்ரெக் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவருக்கு எதைப் போட்டுக் காட்டுவேன்? எது ட்ரெக் என்ற பெயருக்கு மிகவும் பொருந்தி வருகிறது? ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல, எதிரில் இருப்பவர் மூன்றாவதற்குச் சொல்ல, இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்க, சண்டை மட்டும் ஓயாது.

எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் ஒன்றரை மணி நேரம் இப்படி மோதினார்கள். ஒருவருக்குக் கான். இன்னொருவருக்கு 1986-ல் வந்த நாலாவது படம், ‘தி வாயேஜ் ஹோம்’. கிர்க்கும் கூட்டாளிகளும் காலத்தில் பின்னோக்கி வந்து, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து இரண்டு திமிங்கிலங்களைக் கூட்டிக்கொண்டு போகும் கதை. வில்லனே கிடையாது. துப்பாக்கிச் சண்டை கிடையாது. பேருந்தில் சத்தமாகப் பாட்டு வைத்தவனை ஸ்பாக் கழுத்தில் ஒரு பிடி பிடித்துத் தூங்கவைப்பார், அவ்வளவுதான் அடிதடி. கான் ஆள், “இதெல்லாம் ஒரு படமா, காமெடி நாடகம்” என்றார். திமிங்கில ஆள், “என் அம்மா கடைசிவரை உட்கார்ந்து பார்த்த ஒரே ட்ரெக் படம் இதுதான்” என்றார். அந்த வரி வந்ததும் எங்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருவர் நல்ல படம் எது என்று பேசிக்கொண்டிருந்தார். மற்றவர் யாருக்குக் காட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து எங்களிடம் ஒரு வழக்கம். பேச ஆரம்பிப்பவர் முதலில் தன் கேள்வியைச் சொல்லிவிட வேண்டும். ‘நான் திரும்பப் பார்க்கிற படத்தைப் பற்றிப் பேசுகிறேன்’ என்று சொல்லிவிட்டால் பாதிக் கத்தல் அங்கேயே அடங்கிவிடும்.

கேள்வி மாதிரியே பட்டியலையும் முடிவு செய்துகொள்ளுங்கள். 1979 முதல் 2016 வரை தியேட்டருக்கு வந்தவை 13 படங்கள். கிர்க், ஸ்பாக் என்ற பழைய குழுவின் படங்கள் ஆறு, பின்னால் வந்த கேப்டன் பிக்கார்ட் குழுவின் படங்கள் நாலு, கிர்க், ஸ்பாக் பாத்திரங்களில் புது நடிகர்களை வைத்து ஜே.ஜே. ஏப்ரம்ஸ் ஆரம்பித்துவைத்த படங்கள் மூன்று. 2025-ல் ஓடிடியில் வந்த ‘செக்‌ஷன் 31’-ஐச் சேர்ப்பதா வேண்டாமா என்று பேசினால் அதற்கே ஒரு ராத்திரி போய்விடும். வேண்டாம் என்று ஓட்டுப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். எந்த வெட்டு, அதாவது படத்தொகுப்பின் எந்த வடிவம், என்பதையும் சொல்லிக்கொள்வது நல்லது. முதல் படத்துக்கு 1979-ல் வந்த தியேட்டர் வெட்டு ஒன்று உண்டு. இயக்குநர் ராபர்ட் வைஸ் 2001-ல் திருத்திய வெட்டு ஒன்று உண்டு. அதைத் துலக்கி 2022-ல் 4கே-யில் வெளியிட்டார்கள். அண்ணன் திட்டுவது முதலாவதை, நான் தாங்கிப்பிடிப்பது கடைசியானதை. இது தெரியாமலே ரொம்ப நாள் ஓடியது.

ஒற்றைப்படை, இரட்டைப்படை

எந்த ட்ரெக் கூட்டத்திலும் பத்தாவது நிமிஷத்துக்குள் இது வந்தே தீரும். “இரட்டைப்படைப் படமெல்லாம் நல்லது, ஒற்றைப்படையெல்லாம் மோசம்.” 2 கான், 4 திமிங்கிலம், 6 க்ளிங்கான்கள் என்ற எதிரி இனத்தோடு சமாதானம் பேசும் ‘தி அன்டிஸ்கவர்டு கன்ட்ரி’, 8 போர்க் என்ற இயந்திர எதிரிகள் வரும் ‘ஃபர்ஸ்ட் கான்டாக்ட்’. வரிசையைப் பார்த்தால் உண்மைபோலவே இருக்கும். என் படம் 1. கேட்கவே வேண்டாம்.

இதை எதிர்த்து ஆவேசப்படாதீர்கள். சிரித்துக்கொண்டே, “அப்போ பத்தாவது படம்?” என்று கேளுங்கள். 2002-ல் வந்த ‘நெமிசிஸ்’தான் பத்தாவது. அதோடு பிக்கார்ட் குழுவின் பட வாழ்க்கையே முடிந்துபோனது. அடுத்து 2009-ல் வந்த பதினொன்றாவது, ஒற்றைப்படை, ஓகோவென்று ஓடியது. மேக்கப்புக்கு ஆஸ்கர் வாங்கியது. ட்ரெக் படம் ஒன்று ஆஸ்கர் ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

விஷயம் தெரிந்த எதிராளி இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். 1999-ல் ட்ரெக்கைக் கேலி செய்தே ‘கேலக்ஸி க்வெஸ்ட்’ என்று ஒரு படம் வந்தது. அதைப் பத்தாவதாக நடுவில் செருகிவிட்டால் ‘நெமிசிஸ்’ 11 ஆகிவிடும், 2009 படம் 12 ஆகிவிடும், விதி பிழைத்துக்கொள்ளும். ரசிகர்களின் பழைய ஜோக் இது. அசலைவிட கேலிப் படம் விதியைக் காப்பாற்றுகிறது என்றால் விதியின் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜோக்காக மிகப் பிரமாதம். யாராவது சொன்னால் கைதட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போங்கள்.

வசூலை வைத்துப் பேசுகிறவரும் ஒருவர் இருப்பார். அவருக்கு ஒரே பதில் போதும். உலக அளவில் அதிகம் வசூலித்த ட்ரெக் படம் 2013-ன் ‘இன்டு டார்க்னஸ்’. அதே வருஷம் லாஸ் வேகஸ் ரசிகர் மாநாட்டில் கூடியவர்கள் படங்களை வரிசைப்படுத்தியபோது கடைசி இடத்தில் தள்ளியதும் அதே படத்தைத்தான்.

அடைமொழியை விட்டுவிட்டு ஒரு சீனைச் சொல்லுங்கள்

நான் சொல்லப்போவதில் உருப்படியானது இது ஒன்றுதான். மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

‘ஆழமான படம்’, ‘விறுவிறுப்பான படம்’, ‘மொக்கை’ என்று சொல்லும்வரை யாரும் யாரையும் எங்கேயும் நகர்த்த முடியாது. ஆழம் என்று நான் சொன்னதை அண்ணன் இழுவை என்பான். முடிந்தது கதை. அதற்குப் பதிலாக, உங்கள் படத்திலிருந்து ஒரே ஒரு சீனை எடுத்துக்கொண்டு வாருங்கள். இரண்டு நிமிஷத்தில் சொல்லிமுடிக்கிற சீனாக இருக்க வேண்டும். அதில் கண்ணில் பட்ட ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லுங்கள். மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்த அன்றைக்கு அண்ணன்தான் முதலில் பேசினான். கான் படத்தின் கடைசிப் பகுதி. கப்பல் வெடிப்புக்குள் சிக்கிவிடும் நிலை, என்ஜின் வேலை செய்யவில்லை, ஸ்பாக் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் நுழைந்து சரிசெய்கிறார். கப்பல் தப்பிவிடுகிறது. கிர்க் ஓடிவருகிறார். நடுவில் கண்ணாடிச் சுவர். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் சொன்னது வேறு.

“ஸ்பாக் சுருண்டு உக்காந்திருப்பான்ல. கிர்க் குரல் கேட்டதும் எழுந்திருப்பான். எழுந்ததும் முதல்ல என்ன பண்ணுவான் தெரியுமா? சட்டையைக் கீழே இழுத்துவிட்டுச் சரிபண்ணுவான். கண்ணு தெரியல, மூஞ்சியெல்லாம் வெந்துபோயிருக்கு, இன்னும் ரெண்டு நிமிஷத்துல சாகப்போறான். ஆனா கேப்டன் முன்னாடி போய் நிக்கணும்னா சட்டை சுருங்கியிருக்கக் கூடாது. அப்புறம் நடந்து வந்து கண்ணாடியில முட்டிக்குவான். அங்க கண்ணாடி இருக்கிறதே அவனுக்குத் தெரியல.”

அந்தப் படத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சட்டையைக் கவனித்ததே இல்லை. அண்ணன் இருபது வருஷமாக ‘மாஸ் படம்டா’ என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சில் ஒரு தடவைகூட இந்தச் சட்டை வரவில்லை.

அப்புறம் என் முறை. என் படத்தில் வீஜர் என்ற மாபெரும் இயந்திரம் பூமியை நோக்கி வருகிறது. அறிவெல்லாம் திரட்டிவிட்டது, ஆனால் தான் எதற்காக இருக்கிறோம் என்று அதற்குத் தெரியவில்லை. ஸ்பாக் தனியாக விண்வெளி உடுப்பில் அதற்குள் போய், அதன் மனதோடு தன் மனதைச் சேர்த்துப்பார்த்து, அடிபட்டுத் திரும்புகிறார். கப்பலின் மருத்துவ அறையில் படுத்திருக்கிறார். உணர்ச்சியே வேண்டாம் என்று அதுவரை விறைப்பாக இருந்த ஆள். லேசாகச் சிரிக்கிறார். கிர்க்கின் கையைப் பிடித்துக்கொள்கிறார். இந்த எளிய உணர்வு வீஜருக்கு எட்டாதது என்கிறார். அவ்வளவுதான் சீன். பின்னால் எதுவும் வெடிக்காது.

நான் முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் கூட்டத்திலேயே குறைவாகப் பேசும் ஒரு நண்பர் மெதுவாகச் சொன்னார்: “முதல் படத்துல கையைப் பிடிச்சுக்கறாங்க. ரெண்டாவது படத்துல கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. தொட முடியல.”

இருபது வருஷச் சண்டையில் நாங்கள் இருவரும் ஒரே இரண்டு கைகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். அதற்காக அண்ணன் ஒத்துக்கொண்டான் என்று நினைக்காதீர்கள். “அப்பக்கூட, உன் படம் இல்லாட்டியும் என் படம் புரியும்” என்றான். சரி, அது நியாயம்.

உங்கள் படத்தின் ஓட்டையை நீங்களே சொல்லிவிடுங்கள்

எதிராளி சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது பலம். அவர் சொன்ன பிறகு ஒத்துக்கொண்டால் தோல்வி.

நான் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவேன். என் படம் மெதுவானது. ரசிகர்களே அதற்கு ‘நகராத படம்’ என்ற பொருளில் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் தூங்கும் உடுப்பு மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு அலைகிறார்கள். பூமியிலிருந்து போன விண்கலம் ஒன்று உருமாறி, தன்னைப் படைத்தவரைத் தேடித் திரும்புகிறது என்ற கதை 1967-ல் டிவித் தொடரிலேயே ஒரு எபிசோடாக வந்துவிட்டது. இவ்வளவையும் நானே கொட்டிவிட்டால் எதிரில் இருப்பவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

அண்ணனின் படத்திலும் ஓர் அழகான ஓட்டை உண்டு. கான் என்ற வில்லன் பாத்திரம் முதலில் வந்தது 1967-ல், டிவித் தொடரின் முதல் சீசனில். கிர்க் குழுவில் ஒருவரான செக்காவ் பாத்திரம் தொடரில் நுழைந்தது இரண்டாவது சீசனில். ஆனால் படத்தில் கான் செக்காவைப் பார்த்ததும், முகம் மறக்கவில்லை என்கிறான். பார்த்தே இராத முகம்! செக்காவ் அப்போது கப்பலின் கீழ்த்தளத்தில் வேலை பார்த்தார், கழிப்பறையைப் பூட்டிக்கொண்டு கானை வெளியே காக்கவைத்துவிட்டார், அந்தக் கோபத்தில்தான் கானுக்கு முகம் நினைவிருக்கிறது என்று ரசிகர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். இன்னொன்று, இவ்வளவு பெரிய பகையில் கிர்க்கும் கானும் படத்தில் ஒருமுறைகூட நேருக்கு நேர் நிற்பதில்லை. பேசுவதெல்லாம் திரையிலும் கருவியிலும்தான். இதை நான் ஓட்டை என்று நீட்டினேன். அண்ணன், “அதுதான்டா அழகே” என்றான். யோசித்துப் பார்த்தால் இரண்டும் சரி.

தகவலைக் கையில் வைத்திருங்கள், கல்லாக எறியாதீர்கள்

படம் ஏன் அப்படி வந்தது என்பது தெரிந்திருந்தால் பேச்சு ஒரு படி மேலே போகும். 1966-ல் ஆரம்பித்த தொடர் 1969-ல் நின்றுபோனது. நடுவில் ஒரு கார்ட்டூன் தொடர் வந்தது, அதைத் தவிரப் பத்து வருஷம் எதுவுமில்லை. மறு ஒளிபரப்பைப் பார்த்தே ரசிகர் கூட்டம் பெருகியது. புது டிவித் தொடராக ஆரம்பித்த வேலைதான் கடைசியில் சினிமாவாக மாறியது. ரிலீஸ் தேதியை முன்கூட்டியே குறித்துவிட்டு, கிராஃபிக்ஸ் வேலையை அவசர அவசரமாக முடித்தார்கள். செலவு 4 கோடி டாலரைத் தாண்டியது. அந்தச் செலவில் மிரண்டுபோய் இரண்டாவது படத்தைக் கால்வாசிப் பணத்தில் எடுத்தார்கள். கான் படம் அவ்வளவு இறுக்கமாக, நாலு செட்டுக்குள் நடப்பதற்கு அந்தக் கைக்கடியும் ஒரு காரணம். அந்த இறுக்கத்தைத்தான் இன்றைக்கு எல்லோரும் புகழ்கிறார்கள்.

பணத்தை மிச்சம் பிடிக்க இன்னொன்றும் செய்தார்கள். முதல் படத்துக்கு எடுத்த கிராஃபிக்ஸ் காட்சிகளையே இரண்டாவதில் திரும்பப் போட்டார்கள். என்டர்பிரைஸ் தளத்திலிருந்து கிளம்பும் காட்சியில் அதைப் பார்க்கலாம். ஆரம்பத்தில் பயிற்சித் திரையில் தெரியும் க்ளிங்கான் கப்பல்களும் என் படத்திலிருந்து போனவை. இது தெரிந்த அன்றைக்கு நான் தூங்கவில்லை. மறுநாள் அண்ணனிடம், “உன் படத்துல என் படம்தான் ஓடுது” என்றேன். கூடவே அடுக்கினேன்: க்ளிங்கான்களின் நெற்றி மேடு முதலில் வந்தது என் படத்தில். க்ளிங்கான் மொழி முதலில் ஒலித்தது என் படத்தில். ஜெர்ரி கோல்ட்ஸ்மித் என் படத்துக்குப் போட்ட இசைதான் 1987-ல் பிக்கார்ட் குழுவை வைத்து வந்த டிவித் தொடரின் தலைப்பு இசையாகவே ஆனது.

அடுக்கி முடித்ததும் ஒரு விஷயம் உறைத்தது. அவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. “சரி, அதனால?” என்றான். யாரும் தகவலைக் கேட்டு ஒரு படத்தை விரும்ப ஆரம்பிப்பதில்லை. ஏற்கெனவே விரும்புகிறவருக்குத்தான் அது தித்திக்கும். அதனால் தகவலைச் சீனுக்குப் பக்கத்தில் வைத்துப் பரிமாறுங்கள். ஆறாவது படத்தை யாராவது ‘அரசியல் வகுப்பு’ என்று தள்ளினால் இதைச் சொல்லிப் பாருங்கள். க்ளிங்கான் நிலா வெடிப்பதில் செர்னோபிலின் சாயல் இருக்கிறது. பழைய எதிரியோடு சமாதானம் என்ற அந்தக் கதை 1991 டிசம்பரில் தியேட்டருக்கு வந்தது, சோவியத் யூனியன் கலைந்ததும் அதே மாதத்தில். தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரி அதற்கு முந்தைய அக்டோபரில்தான் காலமானார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு கடைசிக் காட்சியில் நடிகர்களின் கையெழுத்து ஒவ்வொன்றாகத் திரையில் வருவதைப் பார்த்தால், அது வேறு படம்.

பிந்தி வந்தவர்களை மட்டம் தட்டாதீர்கள்

எங்கள் கூட்டத்தின் பெரிய பாவம் இது. 2009-க்கு அப்புறம் வந்தவர்கள் வாயைத் திறந்தாலே பெரியவர்கள் கண்ணால் சிரித்துக்கொள்வோம். நண்பர் ஒருவரின் மகள், கல்லூரியில் படிக்கிறவள், தனக்குப் பிடித்தது 2016-ன் ‘பியாண்ட்’ என்றாள். “பைக் ஓட்டுற படம்!” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

அவள் பதறவில்லை. சீன் சொல்லும் வழக்கம் அவளுக்கும் தெரியும். “இளைய ஸ்பாக்குக்கு முதிய ஸ்பாக் இறந்த செய்தி வரும். கடைசியில அவரோட சாமான் ஒரு பெட்டி கைக்கு வரும் அங்கிள். திறந்தா உள்ள ஒரு போட்டோ. பழைய குழு மொத்தமும், வயசானவங்களா, யூனிஃபார்ம்ல நிப்பாங்க. இவன் அதையே பார்த்துட்டு இருப்பான். நீங்க எல்லாம் எந்த ஆறு படத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கீங்களோ, அந்த ஆறு படமும் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு” என்றாள். பழைய குழுவில் ஸ்பாக்காகவும், புதுப் படங்களுக்குள் காலம் தாண்டி வரும் முதிய ஸ்பாக்காகவும் நடித்த லியோனார்ட் நிமோய் 2015 பிப்ரவரியில் இறந்துவிட்டார். புதுப் படங்களில் செக்காவாக நடித்த இளைஞர் ஆன்டன் யெல்சின் படம் வெளிவருவதற்குச் சில வாரம் முன்னால் போய்விட்டார். படத்தின் முடிவில் இருவருக்கும் அஞ்சலி வரும். பைக் என்று சொன்னவர் அதற்கப்புறம் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

யாராவது ஒரு படத்தைச் சொன்னால், ‘அதை எத்தனை வயசில் பார்த்தீர்கள், யாரோடு பார்த்தீர்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். மடக்குவதற்காகக் கேட்காதீர்கள், கதை வருவதற்காகக் கேளுங்கள்.

வக்கீல் மாற்றம்

பேச்சு தேங்கிப்போனால் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம். சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு படம். வந்த படத்துக்காகப் பத்து நிமிஷம் வாதாட வேண்டும், மனதார. கிண்டல் கூடாது.

ஒருமுறை எனக்கு வந்தது ஐந்தாவது படம், 1989-ன் ‘தி ஃபைனல் ஃப்ரான்டியர்’. கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரே இயக்கியது. பெரும்பாலான பட்டியல்களில் அடிமட்டத்தில் கிடக்கும். எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் ஒரு பக்கம், பணம் தீர்ந்து கிளைமாக்ஸுக்கு வைத்திருந்த பாறைப் பூதங்களையே தூக்கிவிட்டது இன்னொரு பக்கம். வேறு வழியில்லாமல் ஒரு வாரத்தில் இரண்டு தடவை பார்த்தேன். நடுவில் ஒரு சீன் மாட்டியது. மனதின் வலியையெல்லாம் எடுத்துவிடுகிறேன் என்று ஒருவன் வருகிறான். படுத்த படுக்கையில் கிடந்த தன் அப்பாவின் உயிரைப் போக விட்ட ராத்திரியைக் கப்பலின் டாக்டர் மெக்காய் மறுபடி வாழ்ந்து பார்க்கிறார். அந்த வலியை அவன் வாங்கிக்கொள்கிறான். கிர்க்கின் முறை வரும்போது அவர் மறுத்துவிடுகிறார். என் வலி எனக்கு வேண்டும், அது இல்லாவிட்டால் நான் நானில்லை என்கிறார். கடைசியில் கடவுள் என்று சொல்லிக்கொண்டு ஒரு உருவம் வந்து கப்பலைக் கேட்கும்போது, கடவுளுக்கு எதற்குக் கப்பல் என்று கையைத் தூக்கிக் கேட்கிற ஆளும் அவர்தான். இந்த இரண்டையும் சொல்லி நான் உட்கார்ந்தபோது அந்தப் படம் எங்கள் பட்டியலில் ஒரு இடம் மேலே ஏறியது. ஒரே ஒரு இடம்தான். கிளைமாக்ஸ் கிராஃபிக்ஸை என்னால்கூடக் காப்பாற்ற முடியாது.

அதே ஆட்டத்தில்தான் போன தடவை அண்ணனுக்கு என் படம் விழுந்தது. “முடியாது, நான் வெளிநடப்பு” என்றான். விடவில்லை. சரி, அந்தக் கப்பல் காட்சியையாவது போடு, எவ்வளவு இழுவை என்று எல்லோருக்கும் நிரூபிக்கிறேன் என்று சொல்லி, செல்போனில் ஸ்டாப்வாட்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

விளக்கை அணைத்தோம். ஒலியைக் கூட்டினேன். கிர்க் இப்போது அட்மிரல், இரண்டரை வருஷமாக மேசை வேலை. இடம்பெயர்க்கும் கருவி பழுது என்பதால் கப்பலின் என்ஜினியர் ஸ்காட்டி ஒரு சின்ன ஓடத்தில் அவரைக் கூட்டிப்போகிறார். முதலில் தளத்தின் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே கப்பல் துண்டு துண்டாகத்தான் தெரிகிறது. கிர்க்கின் முகத்தில் அதன் வெளிச்சம் விழுகிறது. ஸ்காட்டி கப்பலைப் பார்க்கவில்லை, கிர்க் கப்பலைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேண்டுமென்றே ஒரு சுற்று அதிகமாகச் சுற்றுகிறாரோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். கப்பலின் உடம்பில் விண்வெளி உடுப்புப் போட்ட ஆட்கள் எறும்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், அப்போதுதான் அதன் அளவு உறைக்கிறது. ஓடம் கடைசிச் சட்டத்தைத் தாண்டித் திரும்புகிறது. என்டர்பிரைஸ் முழுசாக, நேருக்கு நேராக. இசை ஏறுகிறது. பேச்சே இல்லை. பத்து வருஷம் அந்தக் கப்பலுக்காகக் காத்திருந்தவர்கள் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்த காட்சி இது.

ஓடம் போய் ஒட்டுகிறது. கிர்க் நன்றி சொல்கிறார். படம் அடுத்த காட்சிக்குப் போனது, அதற்கடுத்த காட்சிக்கும் போனது. நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அண்ணனின் மடியைப் பார்த்தேன். ஸ்டாப்வாட்ச் பதினொரு நிமிஷத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.